கண்ணாடி வியர்க்கும் ஊரில் நூதனசாலை

குளிரூட்டிய பஸ்ஸிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் இறங்குகிறவர் முதலில் செய்கிற வேலை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுதான். காலி வீதி முழுவதும் ஒரு கணம் பால் ஊற்றியதுபோல் மங்கிவிடும். துடைத்து மாட்டினால் மறுபடியும் மங்கும். இரண்டு நிமிடத்தில் கண்ணாடி சூடேறித் தெளிந்ததும் நாம் அதை மறந்துவிட்டு மீன் வாங்கப் போய்விடுவோம்.

அந்தக் கண்ணாடியின் இடத்தில் தொள்ளாயிரம் ஆண்டுப் பழைய வெண்கலச் சிலை ஒன்று இருப்பதாக நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் குளிரூட்டிய அறையில் நின்று சில்லிட்ட உலோகம். மாலை ஐந்து மணிக்குக் காட்சிக்கூடத்தைப் பூட்டுகிறார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து குளிரூட்டியையும் நிறுத்துகிறார்கள். யன்னல் இடுக்காலும் கதவின் அடியாலும் கொழும்பின் இரவுக் காற்று உள்ளே வருகிறது. சிலை வியர்க்கிறது. அதைத் துடைப்பதற்கு அங்கே யாரும் இல்லை.

நூதனசாலைகளும் சுற்றுச்சூழலும் என்ற பேச்சு எழுந்தால் பிளாஸ்டிக் போத்தல், காகிதத் துண்டுப்பிரசுரம், மறுசுழற்சித் தொட்டி என்றுதான் பெரும்பாலும் போகிறது. அவையும் வேண்டியவையே. ஆனால் இந்த நகரத்தில் கணக்கின் பெரிய பகுதி காற்றில் கலந்திருக்கும் தண்ணீரில் இருக்கிறது. அந்தத் தண்ணீரை வெளியேற்ற எவ்வளவு மின்சாரம் எரிக்கிறோம், எரித்தும் பலன் கிடைக்கிறதா என்பதே உண்மையான கேள்வி.

பாடப்புத்தகத்தில் படித்த பனிபடுநிலையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 30 பாகை வெப்பமும் 75 சதவீத ஈரப்பதனும் கொழும்புக்குச் சாதாரண நாள். அந்தக் காற்று 25 பாகைக்குக் குறைவாகக் குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் நீராகப் படியும். அத்தகைய காற்றின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 22 கிராம் நீராவி இருக்கும். உலகத்தின் பெரிய நூதனசாலைகள் நெடுங்காலம் வேதம்போல் ஓதிவந்த அளவு, 20 அல்லது 21 பாகை வெப்பமும் 50 சதவீத ஈரப்பதனும். அந்த நிலையில் ஒரு கனமீற்றரில் ஒன்பது கிராமுக்குமேல் நீராவி இருக்க முடியாது. மீதிப் பதின்மூன்று கிராமையும் பிழிந்து எடுத்தாக வேண்டும். பத்து மீற்றர் நீளம், பத்து மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் உயரமுள்ள ஒரு கூடத்தில் ஒருமுறை நிரம்பும் காற்றுக்கே ஆறரை லீற்றர் தண்ணீர் வரும். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அது மீண்டும் கொஞ்சம் நிரம்புகிறது.

அதைப் பிழிவதற்கு வழக்கமான வழி, காற்றைப் பத்துப் பாகை அளவுக்குக் கடுங்குளிராக்கி நீரை வடியவிட்டு, பிறகு அதே காற்றை 21 பாகைக்குத் திரும்பச் சூடாக்குவது. குளிராக்க ஒரு செலவு, சூடாக்க இன்னொரு செலவு. சுவரில் மாட்டும் சாதாரண வீட்டுக் குளிரூட்டியில் இந்த இரண்டாவது படி பெரும்பாலும் இல்லை. அறை சொன்ன வெப்பநிலைக்கு வந்தவுடன் அதன் இயந்திரம் ஓய்ந்துவிடும், நீர் வடிவதும் நின்றுவிடும். அறை சில்லென்றும் இருக்கும், நமுத்தும் இருக்கும். அப்படியோர் அறையில் தட்டில் முறுக்கை வைத்து ஒரு மணித்தியாலம் கழித்துக் கடித்துப் பார்த்தால் போதும். அருங்கலைப் பாதுகாப்பில் பட்டம் தேவையில்லை.

சரி, 21 பாகை, 50 சதவீதம் என்ற அளவை யார் வகுத்தார்கள்?

அது லண்டன் கதை. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து லண்டன் தேசிய ஓவியக்கூடம் தன் ஓவியங்களை வேல்ஸ் மலையிலுள்ள மனோட் என்ற பலகைக்கல் சுரங்கத்துக்குள் 1941இல் கொண்டுபோய் வைத்தது. சுரங்கத்துக்குள் வெப்பமும் ஈரப்பதனும் ஏறத்தாழ மாறாமலே இருந்தன. வர்ணம் உரிந்து கொப்பளிக்கும் தொல்லை அங்கே வெகுவாகக் குறைந்தது. 1945இல் ஓவியங்கள் நகரத்துக்குத் திரும்பிய பின் அது மறுபடியும் தலைகாட்டியது. மாறாத காற்றே மருந்து என்ற நம்பிக்கை அங்கேதான் வேரூன்றியது. 1978இல் அதே ஓவியக்கூடத்தின் அறிவியல் ஆலோசகர் கேரி தொம்சன் அளவுகளைத் தொகுத்து எழுதியபோது, ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம் என்ற எல்லை பொருளுக்கு நேரும் சேதத்தை அளந்து வந்ததல்ல, இயந்திரத்தால் எட்டக்கூடியதைப் பார்த்து வைத்தது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னார். எண்ணைப் பிடித்துக்கொண்ட உலகம் அந்தக் குறிப்பை மறந்துவிட்டது. நூதனசாலைகள் ஒன்றுக்கொன்று பொருள் கொடுக்கும் இரவல் ஒப்பந்தங்களில் அந்த எண் ஏறியது. கடன்கொடுப்பவன் சொல்வதுதான் சட்டம்.

பனிக்காலத்தில் அறையைச் சூடாக்கினால் காற்று எலும்பாய் வறண்டுபோகும் நாடு அது. அங்கே பிரச்சினை வறட்சி. நம் பிரச்சினை நேர் எதிர். குளிர்நாட்டு வைத்தியன் எழுதிய சீட்டைக் கொழும்பு மருந்துக்கடையில் கொடுத்ததுபோல் ஆயிற்று.

மருந்தின் விலையையும் பார்ப்போம். நாட்டின் மின்சாரத்தில் ஒரு பெரிய பங்கு மழையை நம்பியது. மழை பொய்த்தால் நிலக்கரியும் எண்ணெயும். 900 மெகாவாற் கொள்ளளவுள்ள நுரைச்சோலை நிலக்கரி நிலையம் இருப்பது கற்பிட்டிக் கடலோரத்தில், தமிழ் பேசும் மீனவக் கிராமங்களின் பக்கத்தில். கொழும்பில் ஓர் ஓவியத்தின் கீழே ஓடும் குளிர்காற்றின் சாம்பல் அங்கேதான் குவிகிறது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. மின்பிறப்பாக்கி இருந்த இடத்தில் டீசல் இல்லை, டீசல் வரிசையில் நிற்க ஆளும் இல்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். சிரித்தோம். ஆனால் எந்த நேரமும் மின்சாரம் வேண்டும் என்று கேட்கும் பாதுகாப்பு முறையைக் குரங்கு பாயும் கம்பியில் தொங்கவிடுவது சிரிப்புக்குரிய விடயமல்ல.

ஆகவே இங்கே ஒரு விசித்திரமான உண்மை இருக்கிறது. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் ஓடும் குளிரூட்டி பொருளைக் காக்கலாம். குளிரூட்டியே இல்லாமல் காற்றோட்டம் உள்ள அறையும் பலவற்றை ஓரளவு காக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை மட்டும் ஓடுகிற குளிரூட்டிதான் எல்லாவற்றிலும் மோசம். அது பார்வையாளரின் வியர்வையைத் துடைத்துப் பொருளின்மேல் பூசுகிறது. மரம் பகலில் சுருங்கி இரவில் உப்பும். அதன் மேலுள்ள சாயமும் தங்கத்தகடும் அதே வேகத்தில் அசையாது. கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் கண்டி அரசரின் சிம்மாசனத்தை எண்ணிப் பாருங்கள். 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்தது. 1815இல் கண்டி வீழ்ந்த பின் இங்கிலாந்து போய் 1934இல் திரும்பி வந்தது. மரம், அதன்மேல் தங்கத்தகடு, பட்டுத்துணி. மூன்றும் ஈரத்துக்கு மூன்று விதமாக நடந்துகொள்ளும். அப்படியொரு பொருளுக்குக் குளிரைவிட ஒழுங்கு முக்கியம்.

மேற்குலகமும் இப்போது இறங்கி வருகிறது. 2014இல் பெரிய நூதனசாலை இயக்குநர்களின் பிசோ குழு, பெரும்பாலான பொருட்களுக்கு 16 முதல் 25 பாகை, 40 முதல் 60 சதவீதம் என்று எல்லையை அகலமாக்கியது. அதே ஆண்டு பாதுகாப்பாளர்களின் சர்வதேச அமைப்புகளும் அந்தத் திசையில் அறிக்கை விட்டன. 2022 ஓகஸ்டில் பிராகாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நூதனசாலை என்பதன் புதிய வரைவிலக்கணத்தில் பேண்தகைமை என்ற சொல்லும் சேர்ந்தது. நல்லது. ஆனால் கொழும்பின் கறுவாத்தோட்டத்தில் ஒரு யன்னலைத் திறந்து பாருங்கள். அகலமாக்கிய அந்த எல்லைக்குள்ளும் நம் வானிலை ஒருநாளும் அடங்காது. பச்சை விதி என்று பாராட்டப்படுவதும் இங்கே இயந்திரத்தை இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓடவைக்கும் விதிதான்.

நமக்குப் பொருத்தமான பாடம் லண்டனில் இல்லை, ரியோ டி ஜெனெய்ரோவில் இருக்கிறது. அங்கே பிரேசில் அரசியல்வாதி ரூயி பார்போசாவின் பழைய வீட்டு நூதனசாலையில் நூலகத்தைக் காக்க அமெரிக்காவின் கெற்றி அருங்கலைப் பாதுகாப்பு நிறுவனம் பிரேசில்காரர்களுடன் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தது. வெப்பநிலையை ஓர் எண்ணில் கட்டிவைக்கவில்லை. மனிதர் தாங்கும் அளவுக்குள் அது அலையட்டும் என்று விட்டார்கள். ஈரப்பதனை மட்டும் பூஞ்சணம் பிடிக்கும் எல்லைக்குக் கீழே நிறுத்தினார்கள், வடிகட்டிய காற்றோட்டத்தாலும் ஈரம் நீக்குவதாலும். கணக்கு எளிது. 27 பாகையில் 80 சதவீதமாக இருக்கும் காற்றை 30 பாகைக்குச் சும்மா சூடாக்கினாலே அதன் ஈரப்பதன் 67 சதவீதத்துக்கு வந்துவிடும். 75ஐத் தாண்டினால் நாளடைவில் பூஞ்சணம் தொடங்கும், 65க்குக் கீழே அநேகமாகத் தொடங்காது. குளிர்நாட்டார் ஓடி ஓடிக் குளிராக்கிய இடத்தில் ஒரு துளி சூடும் ஒரு விசிறியும் வேலையைப் பாதி முடித்துவிடுகின்றன.

இதை நம் பழைய கட்டடங்கள் ஒருவகையில் அறிந்தே இருந்தன. 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்ட தேசிய நூதனசாலையை ஆளுநர் வில்லியம் கிரகறி கட்டுவித்தார். வரைந்தவர் சிமிதர், கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். தடித்த சுவர், உயர்ந்த கூரை, யன்னலில் வெயில் விழாமல் தடுக்கும் அகன்ற விறாந்தை, முன்னால் விழுதுவிட்டு நிற்கும் ஆலமரங்கள். இத்தாலிய பாணி என்பார்கள், நிழல் என்னவோ உள்ளூர்தான். புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் ஒல்லாந்தர் கால வீட்டில் இருக்கும் நூதனசாலையில் நடு முற்றம் அந்த வேலையைச் செய்கிறது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 33ஆம் ஒழுங்கையில் தனக்கென்று சேர்த்துக் கட்டிய வீட்டில் சின்னச் சின்ன முற்றங்கள் காற்றை உறிஞ்சி மேலே விடுகின்றன. மரிக்காரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். திறப்புவிழாவில் என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமை பூட்டிவைக்க வேண்டும் என்று கேட்டாராம். பக்திக்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் வாரத்தில் ஒருநாள் ஓய்வு கட்டடத்துக்கும் நல்லதே. நடமாடும் ஒரு மனிதர் மணித்தியாலத்துக்கு 50 கிராமுக்குக் குறையாமல் நீரை மூச்சாலும் தோலாலும் விடுகிறார். மட்டக்களப்பிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் வந்த இருநூறு பாடசாலைப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் நின்றால் பத்து லீற்றர்.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று கும்பிடவும் முடியாது. யன்னலைத் திறந்தால் காற்று மட்டும் வருவதில்லை. பஸ் புகையின் கரி வரும், கடல் உப்பு வரும், அந்துப்பூச்சியும் வரும். 1877இல் வீதியில் ஓடியது மாட்டுவண்டி. வெண்கலத்துக்கு உப்பு எமன். மண்ணில் புதைந்து கிடந்து மேலே வந்த சிலைகளுக்குள் குளோரைடு ஏற்கனவே ஊறியிருக்கும். ஈரம் கிடைத்தால் பச்சைத் தூளாகப் புண் வெடிக்கும். பொலனறுவைச் சிவன் கோயில்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்து கொழும்புக்கு வந்த நடராசரும் உமையும் அப்படிப்பட்ட வெண்கலத்தின் பிள்ளைகள். குளோரைடு ஊறிய வெண்கலத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டிய வறட்சி வேண்டும். ஒரு கூடம் முழுவதையும் அந்த வறட்சிக்குக் கொண்டுவர முயல்வது வீண். சிலைக்கு இறுக்கமான கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்து, அடியில் மறைவாக ஒரு தட்டில் சிலிக்கா மணிகளை வைத்தால் போதும். மணிகள் நீரைக் குடித்து நிறம் மாறும். எடுத்து அடுப்பில் காயவைத்துத் திரும்ப வைக்கலாம். மின்சாரம் போனாலும் பெட்டிக்குத் தெரியாது.

நான் சொல்லவரும் விடயம் இதுதான்: கூடத்தைக் காக்காதீர்கள், பொருளைக் காத்துவிடுங்கள். கல்லுக்கு எதுவுமே வேண்டாம். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு தேசிய நூதனசாலையில்தான் இருக்கிறது. சீனத்திலும் பாரசீகத்திலும் தமிழிலும் எழுதியது. தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கு அளித்த காணிக்கையைச் சொல்கிறது. 1911இல் காலியில் அது கண்டெடுக்கப்பட்டபோது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. சாக்கடைக்கு மேலே கிடந்து பிழைத்த கல்லுக்கு 21 பாகை குளிர் எதற்கு? மாறாக, பழைய ஒளிப்படங்களும் திரைச்சுருள்களும் உண்மையில் குளிரை வேண்டுபவை. காகிதத்துக்கும் ஐந்து பாகை குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும். அவற்றுக்குச் சிறிய, நன்றாக அடைத்த, இடைவிடாது இயங்கும் ஓர் அறை. பெரிய கூடத்துக்கு விசிறி. மின்கட்டணச் சீட்டு பாதியாகும் என்று எண்ணிக்கை சொல்ல நான் துணியமாட்டேன். எது எங்கே வேண்டும் என்று பிரித்தாலே குறையும்.

ஏட்டுச்சுவடியின் கதை தனி. தேசிய நூதனசாலை நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஏடுகள் இருக்கின்றன. பனையோலைக்கும் தாளிப்பனை ஓலைக்கும் ஈரம் முற்றாக இல்லாவிட்டால் முறியும், கூடினால் பூஞ்சணம், பூச்சி. குளிரூட்டி அறியாத காலத்தில் நம் வீடுகளில் அவை எங்கே இருந்தன? அடுப்படிக்கு மேலே பரணில். புகை பூச்சியை விரட்டியது. அடுப்பின் இளஞ்சூடு ஈரத்தைக் குறைத்தது. ரியோவில் இயந்திரம் வைத்துச் செய்ததைக் குசினியில் விறகு செய்தது. எழுத்துக்கு மையாடும்போது கரியும் எண்ணெயும் பூசினார்கள். வசம்பும் வேப்பிலையும் கட்டோடு வைத்தார்கள். சரசுவதி பூசைக்கு வருடம் ஒருமுறை எடுத்துத் தட்டித் துடைத்துப் பார்த்தார்கள். இன்று இதைப் பாதுகாப்பாளர் மொழியில் காலமுறைப் பரிசோதனை என்று அழைப்போம். வருடம் முழுவதும் திறக்கப்படாத அலுமாரிகளை நான் கண்டிருக்கிறேன். ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஓர் இடத்தில், நான் கேட்ட ஏட்டுக்கட்டை எடுத்து வந்தவர் அதைப் பிரிக்க முயன்றார். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் ஆகியிருந்தன. அறையில் குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் சால்வை போர்த்தியிருந்தேன்.

பரண் புகைக்குத் திரும்பச் சொல்லவில்லை. புகைக்குக் கரியும் அமிலமும் உண்டு. ஆனால் அந்தக் காலத்துப் புகைக்குப் பதிலாக இடையில் வந்த நஞ்சுகளைவிட அது நல்லது. உயிரியல் மாதிரிகளில் ஆசனிக் பூசிய காலம் ஒன்று இருந்தது. மீதைல் புரோமைடால் புகையடித்த காலம் ஒன்று. ஓசோனை அரித்த அந்த வாயுவை மொன்றியல் உடன்படிக்கை நிறுத்தவைத்தது. இப்போது பூச்சிப் பொறி வைத்து எண்ணிப் பார்த்து, பூச்சி கண்ட பொருளை மட்டும் உறையவைத்தோ ஒட்சிசன் இல்லாத பையில் அடைத்தோ கொல்வது வழக்கம். துணி, நீர்வர்ண ஓவியம், ஏடு இவற்றுக்கு, வெளிச்சத்தை அளக்கும் அலகில் 50 இலக்சுக்கு மேல் வேண்டாம் என்பது பழைய விதி. அதற்குப் பழைய சூட்டுக்குமிழ்களைக் கழற்றி எல்ஈடி பூட்டுவது எல்லா மாற்றங்களிலும் இலகுவானது. சூடு குறைந்தால் பெட்டிக்குள் ஈரம் ஏறி இறங்குவதும் குறையும்.

இந்த வாதத்துக்கு ஓர் அரசியல் முனையும் உண்டு. 2023 டிசம்பரில் நெதர்லாந்து ஆறு பொருட்களைக் கொழும்புக்குத் திருப்பித் தந்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் சூறையாடிய லெவ்கே பீரங்கி அவற்றில் முக்கியமானது. வெண்கலம், வெள்ளி, பொன், மாணிக்கம் பதித்தது. இப்படிப் பொருட்களைத் திருப்பிக் கேட்கும்போதெல்லாம் எங்கோ ஒரு குரல் எழும்: உங்களிடம் தகுந்த காலநிலைக் கட்டுப்பாடு இருக்கிறதா? தகுந்தது என்பதை 1978 லண்டன் எண்ணாக வைத்துக்கொண்டால் நாம் எப்போதும் தோற்போம், அல்லது டீசல் எரித்து வெல்வோம். இந்த ஈரத்திலேயே பிறந்து, இந்த ஈரத்திலேயே நூற்றாண்டுகள் இருந்த பொருளுக்கு எது தகுந்தது என்பதை இங்கே அளந்து, இங்கே பதிவுசெய்து, மேசையில் வைத்துப் பேசுவதே மூன்றாவது வழி. அதற்கு முதலில் வேண்டியது ஒவ்வோர் அறையிலும் ஈரப்பதனை மணிக்கு மணி குறிக்கும் ஒரு சிறு கருவி. குளிரூட்டியின் விலையோடு பார்த்தால் அது ஒரு வடைச் செலவு.

எல்லாவற்றிலும் மலிவானதைக் கடைசியில் வைக்கிறேன். மே மாத மழைக்கும் ஐப்பசி மழைக்கும் முன் கூரையேறிப் பீலியில் அடைத்திருக்கும் ஆலிலைகளை அள்ளுவது. பீலி அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவர் நனைந்தபின் எந்த இயந்திரமும் வெல்லாது. இன்னொன்று வாசலில் நிற்கிறது. மழைநாளில் நனைந்த குடையோடு உள்ளே போகப் பார்த்தால் காவலாளி தடுப்பார். நாம் அவரோடு தர்க்கிப்போம், குடை தொலைந்தால் யார் பொறுப்பு என்று கேட்போம். ஒரு நனைந்த குடையிலிருந்து நூறு மில்லிலீற்றர் சொட்டும் என்று வையுங்கள். அறுபது குடைகளை அவர் வாசலில் நிறுத்திவிட்டால், அந்தக் கூடத்தின் காற்றிலிருந்து இயந்திரம் பிழிந்தெடுக்கவேண்டிய ஆறு லீற்றர் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியிலேயே நின்றுவிடுகிறது.